மூச்சா கணக்கு

எங்க வீட்டு பீரோ மேல போன வருஷ ஆடி மாசத்து தினசரி காலண்டர் தாள் ஒன்பது கிடக்கு. கிழிச்சதை குப்பையில போடாம வச்சிருக்கேன். முன்பக்கம் ராகு காலம் எமகண்டம் எல்லாம் இருக்கும், பின்பக்கம் திருப்பினா என் கையெழுத்துல மணியும் பக்கத்துல ஒரு குச்சி கோடும். காலைல 6.50 ஒரு குச்சி. 10.05 ஒரு குச்சி. அப்புறம் ரொம்ப தூரத்துக்கு வெறும் வெள்ளைத்தாள். ஒவ்வொரு குச்சியும் எம்பொண்ணு போன ஒரு மூச்சா.

சிரிக்காதீங்க. கை கால் வாய் வியாதி, அதான் ஹேண்ட் ஃபுட் மவுத்னு இப்ப எல்லா ப்ளே ஸ்கூல் வாட்ஸப் குரூப்லயும் ஓடிட்டு இருக்கே, அது உங்க வீட்டுக்கு வந்தா நீங்களும் இதைத்தான் எண்ணப்போறீங்க. இந்த வாரம் மட்டும் என்னோட வேலை பாக்கற ரெண்டு பேரு போன் பண்ணி அண்ணே அன்னிக்கு உங்க பாப்பாவுக்கு வந்துச்சே என்னண்ணே பண்ணீங்கன்னு கேட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் அரை மணி நேரம் பேசி தொண்டை காஞ்சு போச்சு, அதான் எழுதி வச்சிடலாம்னு. நான் டாக்டர் இல்ல. பாண்டியில ஒரு பிரஸ்ல டிடிபி அடிக்கறவன். தினம் திருப்பாப்புலியூர்ல பஸ் ஏறி போய்ட்டு வர்ற ஆளு.

என் வொய்ஃப் பேங்க்ல வேலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவங்களை சென்னையில ஒரு வாரம் ட்ரெயினிங்னு பஸ் ஏத்தி விட்டேன். வீட்ல நான், எங்கம்மா, ரெண்டாவது படிக்கற பையன், ரெண்டரை வயசு பொண்ணு. ஒரு வாரம்தான, ஆயா, அதான் எங்கம்மா, இருக்கு, ஓட்டிடலாம்னு தைரியம். திங்கக்கிழமை காலைல பொண்ணு இட்லியை வாயில வச்சதும் துப்பிட்டா. வாயில இருந்து எச்சில் ஒழுகிட்டே இருக்கு, சட்டை நெஞ்சுப்பக்கம் நனைஞ்சு போச்சு. கடவாய்ப்பல்லு முளைக்குதுன்னு நானா ஒரு முடிவுக்கு வந்து ப்ளே ஸ்கூல்ல கொண்டு போய் விட்டுட்டு பாண்டிக்கு பஸ் ஏறிட்டேன். அந்த எச்சில்தான் ஊரெல்லாம் பரப்புற எச்சில்னு அப்ப தெரியாது. எம்பொண்ணுக்கு குடுத்ததும் அப்படி ஒரு அப்பனா இருக்கும், அதனால ரொம்ப கோவப்பட முடியல. ஆனா அந்த ஸ்கூல் மேல மட்டும் இன்னும் கோவம் இருக்கு. முந்தின வாரமே மூணு புள்ளைங்களுக்கு இருந்திருக்கு, ஒரு மெசேஜ் போடல. கேட்டா பேரன்ட்ஸ் பயந்துடுவாங்க சார்ங்கறாங்க. பயப்படட்டுமே, பயந்தா வாயை தொறந்தாவது பாத்திருப்பேன்ல.

ராத்திரி ஜுரம் 101.5. செவ்வாக்கிழமை காலைல ஜட்டி மாத்தும்போது பாத்தா பிட்டத்துல செவப்பு செவப்பா புள்ளி. கடலூர்ல கெடிலம் ஆத்தோரம் வீடு, எங்க கொசுவுக்கு சனி ஞாயிறு லீவு கிடையாது, அதனால கொசுக்கடின்னுதான் நெனச்சேன். உள்ளங்கைய விரிச்சு பாத்தேன், அங்கயும். உள்ளங்கால்லயும். கொசு எங்க உள்ளங்கால்ல கடிக்குது?

எங்கம்மா வந்து பாத்துச்சு. ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் அடுப்பை அணைச்சிட்டு, "தம்பி, அம்மா வந்திருக்காடா, யாரையும் உள்ள விடாத"ன்னு சொல்லிட்டு கொல்லைக்கு போய் வேப்பங்கொத்து ஒடிச்சிட்டு வந்து வாசப்படியில சொருகிடுச்சு. ஆடி மாசம், தெருமுனை மாரியம்மன் கோயில்ல கூழ் ஊத்துறதுக்கு ஸ்பீக்கர் வேற கட்டியாச்சு, எல்லாம் சேந்து ஒரு நிமிஷம் எனக்கே அப்படித்தான் தோணுச்சு. தாளிக்கக் கூடாது, தலை சீவக்கூடாது, குளிப்பாட்டக் கூடாது, மருந்து குடுத்தா அவளுக்கு கோவம் வரும், மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் யாரும் வெளிய போய்ட்டு வந்த காலோட உள்ள வரக்கூடாது.

எங்கம்மாவை பத்தி ஒண்ணு சொல்லணும். அது மூஞ்சில சின்ன சின்னதா குழி இருக்கும், சின்ன வயசுல பெரியம்மை போட்டது. அதுக்கு அப்புறம் பொறந்த ஒரு தம்பி அதே அம்மையில தப்பிக்கல. பெரியம்மை உலகத்துலயே ஒழிஞ்சிடுச்சுன்னு 1980ல அறிவிச்சாச்சு, நம்ம நாட்டுல கடைசி கேஸு 1975ல. ஆனா பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்துல தம்பிய வேப்பிலை மேல படுக்க வச்சதை பாத்த அஞ்சு வயசு பொண்ணுக்கு அது எங்க ஒழியும்? அதனால மூடநம்பிக்கைன்னு சண்டை போடல. "சரிம்மா, வேப்பிலை இருக்கட்டும், டாக்டர்கிட்ட ஒரு தடவ காமிச்சிட்டு வந்துடலாம், நீயும் வா"ன்னேன். வந்துச்சு. வழி பூரா முந்தானையால பொண்ணை மூடிக்கிட்டே வந்துச்சு.

மஞ்சக்குப்பத்துல ஒரு குழந்தைங்க டாக்டர், அம்பது வயசு இருக்கும், அதிகம் பேசாத லேடி. ஒடம்பை பாக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு வாயைத்தான் பாத்தாங்க. உள்நாக்குகிட்டயும் கன்னத்து உள்பக்கமும் வெள்ளையா நடுவுல குழி விழுந்து சுத்தி செவப்பா அஞ்சாறு புண்ணு. "இதாங்க இட்லி சாப்பிடாததுக்கு காரணம். இது அம்மை இல்லம்மா. சின்னம்மையா இருந்தா நெஞ்சு முதுகுல ஆரம்பிக்கும், அரிக்கும், ஒரே நேரத்துல சிலது புள்ளியா சிலது தண்ணி கோத்து சிலது பொருக்கா இருக்கும். இது கை, கால், வாய். பேரே அதான்"னாங்க.

எங்கம்மா சும்மா இருக்குமா. "கால் வாயா? மாட்டுக்கு வருமே கோமாரி, அதுவா டாக்டரம்மா?" எங்க ஊர்ல ஒரு வருஷம் கோமாரியில ரெண்டு மாட்டை பறிகுடுத்தவங்க நாங்க. டாக்டர் அப்பதான் முதல் தடவ சிரிச்சாங்க. அது வேற வைரஸ், இது வேற, தூரத்து சொந்தம்னு வேணா சொல்லலாம், மாட்டுக்கிட்ட இருந்து இது வராது, நீங்க மாட்டுக்கு குடுக்கவும் மாட்டீங்கன்னாங்க. எங்கம்மா முகத்துல ஒரு தெளிச்சி. அம்மனுக்கு பயந்ததை விட கோமாரிக்கு பயந்திருக்கும்போல.

அப்புறம் அவங்க சொன்னதுதான் முக்கியம், கிட்டத்தட்ட அப்படியே ஞாபகம் இருக்கு. "இதுக்கு மருந்து இல்ல. வைரஸ், தானா வந்தது தானா போகும், ஒரு வாரம் பத்து நாள். ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது, கேக்காதீங்க. நான் குடுக்கறது ஜுரத்துக்கும் வலிக்கும் பாரசிட்டமால், அவ்ளோதான். உங்க வேலை ஒண்ணே ஒண்ணு. வாய் வலிக்கறதால இவ தண்ணி குடிக்க மாட்டா. புண்ணால இவளுக்கு ஒண்ணும் ஆகாது, தண்ணி வத்துனாத்தான் ஆகும். எத்தனை தடவ யூரின் போறான்னு எழுதுங்க. எட்டு மணி நேரம் போகலன்னா என்னை கேக்காம நேரா ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு போய்டுங்க."

நான் இன்னும் ஏதாவது எழுதுவாங்கன்னு பாத்துட்டே இருந்தேன். பீஸ் குடுத்துட்டு ஒரே ஒரு சிரப்போட வெளிய வர்றது நமக்கு பழக்கம் இல்லையே. அந்த குறையோட போனேன் மெடிக்கலுக்கு, அவரு புள்ளிய பாத்துட்டு அவராவே ஒரு ஆன்டிபயாட்டிக்கும் வாயில தடவுற ஜெல்லும் எடுத்து வச்சாரு, சார் இது போட்டா ரெண்டு நாள்ல காஞ்சிடும்னு. நிஜமா சொல்றேன், கை பர்ஸ் வரைக்கும் போச்சு. அந்த மரத்துப்போக வைக்கற ஜெல்லு பொடிப்பசங்களுக்கு ஆபத்து, டாக்டர் சொல்லாம தடவவே கூடாதுன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னிக்கு என்னை காப்பாத்துனது அறிவு இல்ல, பர்ஸ்ல காசு கம்மியா இருந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தப்பு பண்ணப் பாத்தேன், இதை மட்டும் நிதானமா படிங்க. எங்க பிரிட்ஜ் கதவுல மூணு பாரசிட்டமால் பாட்டில் இருந்துச்சு. பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்போ வாங்கின சொட்டு மருந்து ஒண்ணு, 120ன்னு போட்ட சிரப் ஒண்ணு, அதாவது அஞ்சு மில்லியில 120 மில்லிகிராம் மருந்து, பையனுக்கு வாங்கின 250 ஒண்ணு. மூணும் கிட்டத்தட்ட ஒரே கலர் அட்டை. இவ வெயிட் 12 கிலோ, கிலோவுக்கு 15 மில்லிகிராம்னு டாக்டர் போட்ட கணக்குக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். 120 பாட்டில்ல அது ஏழரை மில்லி. 250 பாட்டில்ல மூணரை மில்லி சொச்சம். என் மண்டையில ஏழரைங்கற நம்பர் மட்டும் நின்னுச்சு, கையில எடுத்தது 250 பாட்டில். மூடியில ஊத்திட்டேன். பையன் பக்கத்துல நின்னுட்டு "ப்பா அது என்னோட பாட்டிலு"ன்னான். குடுத்திருந்தா ரெண்டு பங்கு மருந்து. சொட்டு மருந்து இன்னும் மோசம், ஒரு மில்லியிலயே 100 மில்லிகிராம், அதை ஸ்பூன்ல ஊத்துனா என்ன ஆகும்னு நீங்களே போட்டுக்கோங்க. அன்னிக்கே ரெண்டு பாட்டிலை தூக்கிப்போட்டேன். உங்க புள்ளைக்கு என் நம்பரை எடுத்துக்காதீங்க, வெயிட் பாத்து டாக்டர் சொல்றதுதான் கணக்கு. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ, ஒரு நாளைக்கு நாலுக்கு மேல கூடாதுன்னாங்க எங்களுக்கு. நம்ம ஊர்ல டெங்கு பயம் இருக்கறதால ஐபுப்ரோஃபென் சேந்த சிரப் வேணாம், மூணாவது நாளும் ஜுரம் நிக்கலன்னா ரத்தம் எடுத்து பாத்துடலாம்னும் சொன்னாங்க. ஆஸ்பிரினை குழந்தைங்க கிட்டயே கொண்டு வரக்கூடாது.

புதன்கிழமைதான் அந்த வெள்ளைத்தாள் நாள்.

பாம்பர்ஸ் போட்டா மூச்சா போனதே தெரியாதுன்னு கழட்டிட்டு வெறும் காட்டன் ஜட்டிதான் போட்டிருந்தேன். பத்து மணிக்கு போனவ அதுக்கப்புறம் போகவே இல்ல. டம்ளரை கண்டாலே வாயை பொத்திக்கறா. ஓஆர்எஸ் ஒரு வாய் உள்ள போனதும் கத்துன கத்துல பக்கத்து வீட்டு அக்கா வந்துட்டாங்க, எங்கம்மா வேப்பிலையை காட்டி வாசல்லயே நிறுத்திடுச்சு. ஆரஞ்சு ஜூஸ் குடுத்தது என் முட்டாள்தனம், புளிப்பு புண்ணுல பட்டா மிளகாய்த்தூள் தடவுன மாதிரி. மூணு மணி. நாலு மணி. உதடு காய ஆரம்பிச்சிருச்சு. சென்னையில இருந்து வொய்ஃப் வீடியோ கால்ல வந்து அழுவறாங்க, இவ போன்ல அவங்களை பாத்து அழுவறா. கண்ணுல தண்ணி வருதான்னு நான் உத்து உத்து பாத்துட்டு இருக்கேன், ஏன்னா அழும்போது கண்ணீர் வரலன்னாலும் தண்ணி வத்திருச்சுன்னு அர்த்தம். வந்துச்சு. அழுவறதை பாத்து சந்தோசப்பட்டது வாழ்க்கையில அன்னிக்குதான்.

டாக்டருக்கு போன் போட்டேன். ஊசி கழட்டுன சிரிஞ்சு ஒண்ணு வாங்குங்க, அஞ்சு மில்லி, கன்னத்து ஓரமா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ விடுங்க, ஒரு மணி நேரத்துல அறுபது மில்லி ஆச்சுல்லன்னாங்க. இது எவ்ளோ பெரிய விஷயம்னு செஞ்சு பாத்தாத்தான் தெரியும். டம்ளர்னா சண்டை, சிரிஞ்சுன்னா விளையாட்டு. பையன் டைம் பாக்கற வேலை, நான் சுடற வேலை. இன்னொண்ணு, பாரசிட்டமால் குடுத்து அரை மணி நேரம் கழிச்சு குடிக்க குடுங்க, வலி அடங்குன நேரம் பாத்து. எல்லாத்தையும் ஜில்லுனு குடுங்க. ஐஸ்க்ரீம் தரலாமான்னு கேட்டேன், தாராளமாங்கறாங்க. எங்கம்மா மூஞ்சிய பாக்கணுமே. ஜுரம் அடிக்கற புள்ளைக்கு ஐஸ்க்ரீமா, எந்த டாக்டருடா சொன்னா, சளி புடிச்சு நெஞ்சு கட்டிக்கும்னு ஒரே ஆர்ப்பாட்டம். குல்ஃபி வாங்கிட்டு வந்தேன், ரெண்டு நக்கு நக்கிட்டு தூக்கிப்போட்டா. இளநீரை ஐஸ் ட்ரேல ஊத்தி வச்சது இன்னும் உறையல.

ஆறு மணி இருக்கும். எங்கம்மா ஒண்ணும் சொல்லாம உள்ள போச்சு. காலைல அம்மனுக்குன்னு ஆக்கி வச்ச கேப்பங்கூழ் பானையில ஆறி ஜில்லுனு இருந்துச்சு, அதுல கொஞ்சம் எடுத்து, புளிக்காத மோர் ஊத்தி, துணியில வடிகட்டி, உப்பு ஒரு கல்லு கூட போடாம, வெங்காயம் இல்லாம, பால் மாதிரி தண்ணியா கரைச்சு சொம்புல கொண்டு வந்துச்சு. மடியில படுக்க வச்சு, அம்மா குடுத்த கூழுடி, குடிச்சா சரியாப் போயிடும்னு ஒரு பாட்டு மாதிரி இழுத்துக்கிட்டே சங்குல ஊத்துச்சு. பாலாடைன்னு சொல்லுவாங்களே, கைக்குழந்தைக்கு பால் ஊத்தற அந்த சங்கு, இவ பொறந்தப்போ வாங்கினது. முழுங்குனா. இன்னொரு வாய். அரை டம்ளர் போச்சு.

அப்பவும் எட்டு மணி நேரக் கணக்கு ஓடிட்டேதான் இருக்கு. வெளிய ஆட்டோவை நிக்க வச்சிட்டேன். பையில துணி, பைல், சார்ஜர். சரியா 5.55ல இருந்து 6.05க்குள்ள போகலன்னா கிளம்பிடணும்னு இருந்தவன், கூழ் குடிக்கறாளேன்னு ஒரு பத்து நிமிஷம் தள்ளுனேன், அது சரியா தப்பான்னு இன்னிக்கும் எனக்குள்ள ஓடும். 6.20க்கு என் மடியில உக்காந்திருந்தவ அப்படியே சூடா போய்ட்டா. லுங்கி பூரா. எங்கம்மா "போய்ட்டா போய்ட்டா"ன்னு கத்துது, பையன் கை தட்டறான், ஆட்டோக்காரரு என்னமோ ஏதோன்னு உள்ள ஓடி வந்து ஈர லுங்கியோட நான் சிரிச்சிட்டு நிக்கறதை பாத்துட்டு திரும்பி போனாரு. வெயிட்டிங் காசு வாங்கல. காலண்டர் தாள்ல அந்த குச்சி மட்டும் ரெண்டு இன்ச்சுக்கு இருக்கும்.

தயிர் சாதத்தை குழைய பிசைஞ்சு பிரிட்ஜ்ல வச்சு குடுத்தது, உறைஞ்ச இளநீர் துண்டு, நீர்மோர், அடுத்த நாளு இதெல்லாம் இறங்குச்சு. ரசம், தக்காளி, சிப்ஸு, சூடான எதுவும் கிட்ட வரக்கூடாது. ஓஆர்எஸ் குடுக்கறவங்க பாக்கெட்டுல என்ன போட்டிருக்கோ அந்த அளவு தண்ணியில கலக்குங்க, ஒரு லிட்டர் பாக்கெட்டை கால் கால் பங்கா பிரிச்சு டம்ளர்ல போட்டு அடிக்கறது எங்க வீட்லயும் இருந்த பழக்கம், அது தப்பு. தேன் தடவலாமான்னு கேப்பீங்க, ஒரு வயசு ஆகாத புள்ளைக்கு தேனே கூடாது.

ராத்திரில தூக்கம் வராம போன்ல படிச்சிட்டு இருந்தேன், படிச்சிருக்கக் கூடாது. இந்த வியாதிய கொண்டு வர்றது பெரும்பாலும் காக்ஸாக்கி வைரஸ், ஏ16, ஏ6னு நம்பர் போட்டு அடையாளம். காக்ஸாக்கிங்கறது ஒரு ஊரு, நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஆத்தோரம். 1948ல கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ்னு ரெண்டு பேரு போலியோ ஆராய்ச்சியில இருந்தப்போ அந்த ஊர் பசங்களோட மலத்துல இருந்து இதை புடிச்சிருக்காங்க, ஊர் பேரே வச்சிட்டாங்க. பாவம் அந்த ஊர்க்காரங்க. நம்ம கெடிலத்தோரம் கண்டுபிடிச்சிருந்தா கடலூர் வைரஸ்னு உலகம் பூரா சொல்லிட்டு இருந்திருப்பான். போலியோவும் இதுவும் ஒரே வம்சம், எச்சில்லயும் மலத்துலயும் பரவுறது அதனாலதான். ஆனா போலியோ சொட்டு மருந்து போட்டிருந்தா இது வராதுன்னு நெனச்சிடாதீங்க, அந்த சாவி வேற பூட்டுக்கு.

2022ல கேரளாவுல கொல்லத்துல தக்காளி காய்ச்சல்னு ஒரே பரபரப்பு ஆச்சே, ஜூலை கடைசிக்குள்ள அஞ்சு வயசுக்கு கீழ 82 புள்ளைங்கன்னு போட்டாங்க, வாளையாறு செக்போஸ்ட்ல குழந்தைங்களை நிறுத்தி பாத்தாங்க, அதுவும் கடைசில இந்த கை கால் வாயோட இன்னொரு பேருதான். கொப்புளம் செவப்பா உருண்டையா இருக்குன்னு யாரோ வச்ச பேரு. அந்த வருஷம் எங்க தெருவுல ஒரு அக்கா ரெண்டு மாசம் தக்காளியே வாங்கல.

இந்த குடும்பத்துல ஒரு ரௌடி இருக்கான், என்டரோவைரஸ் ஏ71. 1998ல தைவான்ல 78 பேரு செத்திருக்காங்க, பெரும்பாலும் சின்னக் குழந்தைங்க. சீனாவுல அதுக்கு மட்டும் தடுப்பூசி இருக்கு, நம்மகிட்ட இல்ல. நம்ம பக்கம் அதிகமா வர்றது சாதுவான அண்ணன் தம்பிங்கதான், ஆனா டாக்டர் அந்த ரௌடிக்காகத்தான் சில விஷயம் சொல்லி அனுப்பிச்சிருந்தாங்க. மூணு நாள் தாண்டியும் ஜுரம், திரும்ப திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்ப சொருகிப் போறது, நடக்கும்போது தள்ளாடறது, மூச்சு வாங்கறது, தூக்கத்துல அடிக்கடி தூக்கிவாரிப் போடறது, இதுல எது வந்தாலும் நடுராத்திரின்னு பாக்காதீங்க, ஜிப்மரோ பெரியாஸ்பத்திரியோ எது கிட்டயோ ஓடுங்கன்னு. ஆறு மாசம் ஆகாத குழந்தைன்னா இதெல்லாம் வர்ற வரைக்கும் காத்திருக்கவே கூடாது. பிட்ஸு, அதான் வலிப்பு, வந்தா ஒருக்களிச்சு படுக்க வச்சு வாயில எதையும் திணிக்காம இருக்கணும், கையில சாவிய குடுக்கற வேலை வேணாம்.

இவ்வளவும் படிச்சு மண்டையில ஏத்திக்கிட்டு படுத்தா, ராத்திரி ஒரு மணிக்கு பொண்ணு திடுக்குனு தூக்கிப் போட்டுச்சு. எனக்கு உயிரே இல்ல. எங்கம்மாவை எழுப்பி அம்மா தூக்கிப்போடுதும்மா, ரௌடிம்மான்னு என்னென்னமோ உளறிருக்கேன். எங்கம்மா அரைத்தூக்கத்துல, "கோயில்ல வெடி போட்டாண்டா, எனக்கே தூக்கிப்போட்டுச்சு, படு"ன்னுச்சு.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜுரம் விட்டுச்சு. புள்ளிங்க சாம்பலா கொப்புளமா மாறி அப்புறம் காய ஆரம்பிச்சுது, அரிப்பே பெருசா இல்ல. குளிப்பாட்டலாம்னு டாக்டர் சொல்லியும் எங்கம்மா விடல, ஈரத்துணியால தொடைக்கறதுக்கு மட்டும் ஒத்துக்கிச்சு. அதுல நான் பிடிவாதம் புடிக்கல. எது உயிர்க்கணக்கோ அதுல சண்டை போடலாம், மத்ததுல ஆயா ஜெயிச்சுட்டு போகட்டும். யோசிச்சு பாத்தா எங்கம்மா ரூல்ஸ்ல பாதி டாக்டர் ரூல்ஸுதான். வெளியாளை விடாத, காரம் குடுக்காத, குளுமையா குடு, பத்து நாளைக்கு புள்ளைய வெளிய கொண்டு போகாத. ஜுர மருந்து குடுக்காதங்கற ஒண்ணுல மட்டும்தான் மோதுச்சு, அதுக்கும் வழி கண்டுபிடிச்சேன், சிரப்பை சாமி படத்துகிட்ட வச்சு எடுத்துட்டு வந்து குடுத்தேன். அதுக்கப்புறம் எங்கம்மாவே மணி பாத்து, "டேய் ஆறு மணி நேரம் ஆச்சு, மருந்து ஊத்து"ன்னுச்சு.

இதுல நான் கோட்டை விட்டது கை கழுவுறதுல. கொரோனா நேரத்துல வாங்கின சானிடைசர் பெரிய கேன் ஒண்ணு இருந்துச்சு, அதை ஊத்தி ஊத்தி தேச்சுக்கிட்டே இருந்தேன், என்னமோ பெரிய பாதுகாப்பு மாதிரி. கொரோனா வைரஸுக்கு மேல கொழுப்பு உறை உண்டு, ஆல்கஹால் பட்டா அது உடைஞ்சிடும், இதுக்கு அந்த உறையே கிடையாது, அதனால சானிடைசரை பெருசா மதிக்காது. சோப்பு போட்டு ஓடற தண்ணியில தேச்சு கழுவி தொலைக்கணும். தரை, பொம்மை, கக்கூஸ் எல்லாம் பிளீச் கலந்த தண்ணி. அதுவும் ஒரு வாரத்துக்கு இல்ல, புள்ளி எல்லாம் காஞ்சு புள்ளை ஓடி ஆடுனாலும் மலத்துல இன்னும் சில வாரத்துக்கு வைரஸ் போய்க்கிட்டே இருக்கும். கால் கழுவி விட்டு சோப்பு போடாம வந்து பையனுக்கு தோசை ஊட்டுன புண்ணியவான் நான்தான்.

பலன், சனிக்கிழமை பையனுக்கு. அவனுக்கு வாயில நாலு புண்ணு, ஒரு நாள் ஜுரம், கையில ரெண்டே புள்ளி, ஸ்கூல் லீவுன்னு ஜாலி. அடுத்த வாரம் எனக்கு. பெரியவங்களுக்கு வராதுன்னு சொன்னவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. உள்ளங்கால் பூரா குண்டூசி மேல நடக்கற மாதிரி, விரல் நுனியில எல்லாம் கொப்புளம், டைப் அடிக்கறவனுக்கு விரல் நுனிதான் பொழப்பே. முதலாளிக்கு போன் பண்ணி லீவு கேட்டா, "ஏம்ப்பா அது சின்னப் பசங்க வியாதில்ல, உனக்கு எப்டிப்பா"ன்னு சிரிக்கறாரு. சங்குல கூழ் ஊத்த எங்கம்மா ரெடியா இருந்துச்சு, நான்தான் டம்ளர்ல குடுன்னு வாங்கிக்கிட்டேன். ட்ரெயினிங் முடிச்சு வந்த வொய்ஃபுக்கு மட்டும் ஒண்ணும் வரல, அவங்க சின்ன வயசுலயே எதிர்ப்பு சக்தி வந்திருக்கலாம், இல்ல எங்களை பாத்து சோப்பை ஒழுங்கா போட்டிருக்கலாம். ஒரு தடவ வந்தா திரும்ப வராதான்னும் கேக்கறாங்க. அதே வைரஸுக்கு ஒடம்புல எதிர்ப்பு இருக்கும், அண்ணன் தம்பி நிறைய பேரு இருக்கானுங்களே, வேற ஒருத்தன் வரலாம்.

எல்லாம் முடிஞ்சுதுன்னு நெனச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. புள்ளையார் சதுர்த்திக்கு கொழுக்கட்டை புடிச்சிட்டு இருக்காங்க வொய்ஃபும் எங்கம்மாவும், பொண்ணு மாவுல கைய விட்டுட்டு வந்து என்கிட்ட கட்டை விரலை நீட்டறா. நகம் அடியில இருந்து அப்படியே தூக்கிட்டு நிக்குது. ரத்தம் இல்ல, வலி இல்ல, மூடி மாதிரி ஆடுது. இன்னொரு விரல்லயும். எனக்கு கை கால் ஓடல, டாக்டருக்கு போட்டோ அனுப்பினேன். "ஏ6ஆ இருந்திருக்கும், அது வந்துட்டு போனா ஒரு மாசம் ஒண்ணரை மாசம் கழிச்சு சில பேருக்கு நகம் கழண்டுக்கும், புடுங்காதீங்க, கீழ புதுசு வளந்துட்டு இருக்கும், தானா வந்துடும்"னு வாய்ஸ் மெசேஜ். ஆமா, உத்து பாத்தா அடியில ரோஸ் கலர்ல குட்டியா ஒண்ணு எட்டிப் பாக்குது. சதுர்த்தி அன்னிக்கு போய் டாக்டரை தொந்தரவு பண்ணிட்டேனேன்னு சாரி போட்டேன், கொழுக்கட்டை பொம்மை ஒண்ணு அனுப்பினாங்க.

நாலு நாள்ல நகம் கழண்டு விழுந்துச்சு. பையனுக்கு அப்பதான் முன்பல்லு விழுந்து ஆயாவோட போய் கூரை மேல போட்டுட்டு வந்திருந்தான், அந்த ஞானத்துல நகத்தையும் கூரை மேலதான் போடணும்னு தங்கச்சிக்கு சொல்லிக் குடுத்து, ரெண்டு பேரும் மாடிப்படியில ஏறி சன்ஷேடு மேல வீசிட்டு வந்தாங்க. ரெண்டாவது நகம் விழற வரைக்கும் தினம் காலைல அவ எந்திரிச்சதும் விரலை ஆட்டி ஆட்டி பாத்துட்டு, "இன்னும் விழல"ன்னு அண்ணன்கிட்ட போய் ரிப்போர்ட் குடுப்பா. அவன் காலண்டர் தாள் பின்பக்கம் ஒரு குச்சி போடுவான்.